வியா லூனாவில் உடைத்த பூசணிக்காய்

வியா லூனா ஏன் மூடப்பட்டது என்று இத்தாலியின் பலெர்மோவில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணங்களில் பாதியை உற்பத்தி செய்தவன் நான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நம்மவர் ஒருவரின் முடிவெட்டும் கடை இருக்கிறது. பென்ஷன் எடுத்த பிறகு அதுதான் நான் தினமும் வேலைக்குப் போகும் கந்தோர். அங்கே உட்கார்ந்து முதல் வாரம், தெருவின் அடியில் கடல் புகுந்துவிட்டது என்றேன். இரண்டாம் வாரம், நடன மண்டபத்தின் நிலத்தைத் தோண்டியபோது பழங்காலத்து எலும்புக்கூடுகள் நானூறு கிடைத்தன என்றேன். மூன்றாம் வாரம் ஒருவர் தாடி வழித்துக்கொண்டே அந்தக் கதையை எனக்குச் சொன்னார். எலும்புக்கூடுகள் நாலாயிரமாகியிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பெற்ற பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போவதைப் பார்க்கும் சந்தோசம் அது.

உண்மைக் காரணத்தை மட்டும் அந்தக் கடையில் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

மொண்டெல்லோவைத் தாண்டிக் கடற்கரையோரமாகப் போனால் மிராலூனா என்ற கேளிக்கைப் பூங்கா வரும். பகலில் ராட்டினங்கள், நீர்ச்சறுக்கு, கடற்கன்னி வேடம் போட்டு நாள் முழுவதும் சிரித்து வாய் கோணிப்போன பெண்கள், ஆயிரம் அறை ஹோட்டல். (இருநூறு என்று என் மனைவி யோகாம்பாள் சொல்வாள். எதையும் குறைத்துச் சொல்வது அவளுக்கு இருக்கும் ஒரு வியாதி.) பூங்காவின் பின்பக்கத்தில்தான் வியா லூனா. இரவுக்கென்றே கட்டிய தெரு. நான்கு நடன மண்டபங்கள், பதினொரு பார்கள், தெருவுக்கு மேலே கம்பிகளில் தொங்கும் ஒரு செயற்கை நிலா. உண்மை நிலா அதைப் பார்த்துவிட்டு வெட்கத்தில் மலைக்குப் பின்னால் போய் நின்ற நாட்கள் உண்டு.

பத்தொன்பது வருடம் அந்தத் தெருவில் வேலை செய்தேன். ஒரு இரவைக்கூட அங்கே பார்த்ததில்லை. நாங்கள் துப்புரவுக்காரர். எங்களுக்கு வியா லூனா என்றால் காலை ஆறு மணி. ஒற்றைச் செருப்புகள் மட்டும் ஒரு லொறி நிறைய அள்ளியிருப்பேன். பொய்ப்பல், கல்யாண மோதிரம், ஒருமுறை உயிருள்ள ஆடு. கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் குறையத் தொடங்கியது. இளசுகள் நகரத்துப் பழைய சந்தை ஒழுங்கைகளில் நின்று மலிவு பியர் குடிக்கப் போய்விட்டார்கள். ஹோட்டலில் படுப்பவர்கள் சத்தம் சத்தம் என்று முறைப்பாடு எழுதினார்கள். முன்பு நாற்பது பை குப்பை. பிறகு பதினைந்து. நான் பென்ஷனில் போன ஒக்டோபரில் ஆறு பை. அதில் ஒன்று நாங்கள் குடித்த கோப்பிக் கோப்பைகள். ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கும் மிலானோவில் இருக்கும் முதலாளிகளுக்கும் முன்பே தெரு சாகிறது என்று எங்கள் விளக்குமாறுகளுக்குத் தெரியும்.

என்னோடு ஏழு வருடம் ஒரே குழுவில் இருந்தவன் றோபேட். பேசாலைக்காரன், நாற்பத்தொரு வயது. கதைப்பது குறைவு. அவனுடைய பங்கையும் சேர்த்து நானே கதைத்ததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மன்னாரில் அவனுக்கு அமலினி என்று மனைவி, அனிற்றா என்று ஆறு வயது மகள். மகளை அவன் இரண்டு தரம்தான் தூக்கியிருக்கிறான். முதல் தரம் ஞானஸ்நானத்துக்கு. இரண்டாம் தரம், இந்த ஆள் யார் என்று அவள் வீரிட்டு அழுதபோது.

காலை ஒன்பது மணி இடைவேளையில் அவன் அமலினிக்கு வீடியோ கோல் எடுப்பான். எடுத்தவுடன் நான் போனைப் பறிப்பேன். "பிள்ளை, உன்ரை மனுசன் இப்பதான் நிலாவைத் துடைச்சுப்போட்டு இறங்கிறான். முந்நூறு படி ஏணி. மேலை குளிர் எண்டு ரெண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு போனவன்" என்பேன். அமலினி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரித்தால் றோபேட்டும் சிரிப்பான். மற்ற நேரத்தில் அவனுடைய பல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பல் வைத்தியர் ஆகியிருக்க வேண்டும்.

ஜனவரி நடுப்பகுதியில் ஒரு காலை. பென்ஷன் எடுத்தவன் நான் வழமைபோல முதல் பஸ்ஸில் போய்ப் பூங்காவின் பின்கேற்றுக்கு வெளியே நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. றோபேட் இரண்டு கோப்பியோடு வந்தான்.

"என்ன அண்ணை, பென்ஷன் எடுத்தும் விடியக்காலமை வந்து நிக்கிறியள்? அக்கா கலைச்சுப்போட்டாவோ?"

"அவ கலைக்கேல்லை. என்ரை குறட்டைக்கு மேல்வீட்டுக் கிழவி பொலிஸுக்குப் போன் அடிச்சிட்டா. எட்டுப் பேர் வந்தவங்கள்."

"ரெண்டு பேர் எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பன்."

அவன் சிரிக்கவில்லை. ஜக்கெற்றுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். நாலாய் மடித்து, நனையாமலிருக்கப் பொலித்தீன் பைக்குள் போட்டிருந்தான். பிரெஃபெத்தூரா என்ற அரச அலுவலகத்திலிருந்து வந்தது. மனைவியையும் பிள்ளையையும் இங்கே அழைக்க அவன் போட்ட விண்ணப்பம் கடைசிப் படிக்கு வந்திருந்தது. பெப்ரவரி இருபதாம் தேதிக்குள் நடப்பிலுள்ள வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"வீடு சரி. சம்பளம் சரி. இது ஒண்டுதான் அண்ணை. என்ரை கொந்த்ராத்தோ மாசக் கடைசியோடை முடியுது."

"புதுப்பிப்பினம்தானே?"

"ஆர் புதுப்பிக்கிறது? மிலானோக்காரன் தெருவை விக்கிறான். வாங்கிற ஆக்கள் திங்கக்கிழமை பேர்கமோவிலையிருந்து வருகினம், பத்து மணிக்கு. சுத்திப் பாத்துப் பிடிச்சால் அண்டைக்கே கையெழுத்து, எங்கள் எல்லாருக்கும் புதுக் கொந்த்ராத்தோ. பிடிக்காட்டி மூடுவினம்."

"மூடினால்?"

"எனக்கு எல்லாம் முதல்லையிருந்து. இன்னும் மூண்டு வருசம் போகும். அனிற்றாவுக்கு ஒன்பது வயசாகீடும்." கடிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டான். "நான் மலைக்கோயில் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்திருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடை மலை ஏறப்போறன்."

"ஏறு. அவ மேலையிருந்து பாக்கட்டும். கீழை வாசலை நான் பாக்கிறன்."

"நீங்கள் என்ன பாக்கப் போறியள்?"

"இந்தத் தெருவுக்குக் கண்ணூறு பட்டிருக்கடா. பலெர்மோவிலை இருக்கிற அத்தனை பார்க்காரன்ரை வயித்தெரிச்சலும் இதுக்கு மேலைதான். ஒரு பூசணிக்காய் உடைச்சால் போயிடும்."

"அண்ணை, நான் வேதக்காரன்."

"பூசணிக்காய்க்குச் சமயம் இல்லை. உடைக்கிறது நான். நீ கேற்றைத் திறந்து விடு, காணும்."

"வெளியாளை உள்ளை விட்டது தெரிஞ்சால் அண்டைக்கே என்னை நிப்பாட்டிப்போடுவினம்."

"நான் வெளியாளோ?"

அவன் மழையைப் பார்த்தான். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய மனிதனுக்கு முன்னால் நான் ஒரு பூசணிக்காயை நீட்டிவிட்டேன். "ஆறரைக்கு வாங்கோ" என்றான்.

நீற்றுப்பூசணி கிடைக்கவில்லை. சனிக்கிழமை போர்கோ வெக்கியோ சந்தையில் சிவப்புப் பூசணியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். முழுதாக வேண்டும் என்றேன். எதற்கு என்று கடைக்காரன் கேட்டான். வீட்டில் யானைக்குச் சுகமில்லை என்றேன். நாற்பது கிலோப் பூசணியைத் தனியாளாய்த் தூக்கி, மூன்று மாடி ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஏழு கிலோ" என்றாள் யோகாம்பாள், குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து. "சமைக்கவோ?"

விசயத்தைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விசயம் பாரதூரமானது என்று பொருள்.

"இஞ்சாருங்கோ, உங்களை ஆர் கேட்டது? விடிஞ்சாப்போலை பிறத்தியான்ரை வாசல்லை சிவப்பைக் கொட்டி வச்சால் அவையள் என்ன நினைப்பினம்?"

"றோபேட் கூட்டிப்போடுவான்."

"கண்ணூறு கழிச்சதை உடனை கூட்டக்கூடாது, தொட்டவனுக்கு ஒட்டும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறது நீங்கள்தானே?"

"ஒன்பதரைக்குக் கூட்டுவான். வாறவை பத்துக்கு. பலெர்மோவிலை பத்தெண்டால் பதினொண்டரை."

"வாறவை பலெர்மோ ஆக்களோ?"

நான் பூசணிக்காயில் துளை போடத் தொடங்கினேன்.

திங்கள் காலை மழை விட்டிருந்தது, ஆனால் வானம் தன் ஈரத்துணியைப் பிழியாமல் அப்படியே விரித்திருந்தது. கடல், பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். றோபேட் பின்கேற்றைத் திறந்தான். நொண்டினான். மலைப்பாதைக் கற்கள் இரண்டு உள்ளங்காலையும் கிழித்திருந்தன. தெருவில் எங்கள் இரண்டு பேரையும் விட யாருமில்லை. இழுத்து மூடிய இரும்புக் கதவுகள், ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய கதிரைகள், தரையோடு ஒட்டிப்போன கடதாசிப்பூ. மேலே அணைந்த நிலா, நனைந்த அலுமினியச் சட்டி மாதிரித் தொங்கியது. கமராக்களுக்குப் பயமில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மிலானோ அவற்றை முந்தின வருடமே நிறுத்தியிருந்தது.

ஒன்றும் குறை வைக்கவில்லை. நான்கு மண்டபத்தின் வாசலிலும் ஒவ்வொரு தேசிக்காயைப் பிளந்து, குங்குமம் தடவி வைத்தேன். அந்த நான்கு இரும்புக் கதவுகளின் காலடியிலும் கற்பூரம் கொளுத்தினேன். கதவுகளில் கரி பிடித்தது. பூசணிக்குள் குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே கற்பூரத்தை ஏற்றி, தெருவின் முகப்பில் நின்று மூன்று தரம் சுற்றினேன். "எல்லாற்றை கண்ணும் போகட்டும், இந்தப் பொடியன்ரை பெண்சாதி பிள்ளை வந்து சேரட்டும்" என்று உரத்துச் சொல்லி, தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தேன்.

அடடா, என்ன உடைவு! பலெர்மோத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது நின்றுபோனது. துண்டுகள் தெருவின் இரண்டு பக்கமும் சிதறின. சிவப்பு, வாசல் படிகளில் ஏறி வழிந்தது. றோபேட் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஒன்பதரை வரைக்கும் தொடாதை" என்றேன். "நான் திரும்பிப் பாக்காமல் போகவேணும்."

திரும்பிப் பார்க்காமலே போனேன். பஸ் தரிப்பு வரையும், பஸ்ஸுக்குள்ளும், வீடு வரையும் கழுத்தைத் திருப்பவில்லை. நானே மெச்சிக்கொண்ட ஒழுக்கம்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"அண்ணை, அவையள் வந்திட்டினம்."

"எப்ப?"

"எட்டேகாலுக்கு. நான் பின்பக்கம் குழாயாலை தண்ணி அடிச்சுக் கழுவிக்கொண்டு நிண்டனான். ரெண்டு ஆம்பிளையள், ஒரு பொம்பிளை. தெருவை நடத்திற எங்கட திரெத்தோரே முன்னுக்கு வந்து காட்டிக்கொண்டு வந்தவர்." மூச்சு வாங்கினான். "அந்த மனுசி முதல்லை துண்டுகளைப் பாத்தா. பேந்து சில்லறையைப் பாத்தா. பேந்து ஒவ்வொரு கதவாப் போய்ப் பாத்தினம், அண்ணை. நாலு கதவு. நாலிலையும் சிவப்பு, நாலிலையும் எரிச்ச அடையாளம்."

"நீ சொல்லியிருக்கலாமேடா, இது எங்கட..."

"என்னெண்டு சொல்லுறது? கேற்றை ஆர் திறந்தது எண்டு கேக்க மாட்டினமோ? ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. அந்தப் பெரியவர் திரெத்தோரேயின்ரை காதுக்குள்ளை என்னவோ கேட்டார். திரெத்தோரே நிலத்தைப் பாத்தார். அவையள் திரும்பிக் காருக்குப் போயிட்டினம். இப்ப கராபினியெரிப் பொலிஸ் வந்து நிக்கிறாங்கள். கையுறை போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் வச்சுப் படம் எடுக்கிறாங்கள், அண்ணை. பூசணிக்காய்க்கு நம்பர்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தொரு வருடம் நான் இந்த ஊரில் இருக்கிறேன். இங்கே ஒருவரின் கடை வாசலில் எதையும் வைக்கக்கூடாது. காசு கேட்டு மிரட்டும் கூட்டம் வாயால் பேசாது, வாசலில் பேசும். எரிந்த கதவு ஒரு வசனம், பூட்டுக்குள் ஊற்றிய பசை ஒரு வசனம். போர்கோ வெக்கியோவில் ஒரு பேக்கரி வாசலில் யாரோ மீன்தலை வைக்க, அந்த மனிதன் ஒரு மாதம் கடை திறக்காத கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! மீனைச் சுறாவாக்கி, ஒரு மாதத்தை ஒரு வருடமாக்கி, கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகூட வாசிக்கும் எழுத்தில், நான்கு கதவிலும் நானே ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போடாமல், திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தேன்.

யோகாம்பாள் மொண்டெல்லோவில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்தாள். சொன்னேன். அவள் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லவில்லை. சோற்றைப் போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "பாவம் அந்தப் பொடியன்" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்ட ஒரே தடவை அது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

பேர்கமோக்காரர்கள் புதன்கிழமை மறுத்து எழுதிவிட்டார்கள். இருந்தும் ஒரு சின்ன வழி மிச்சம் இருந்தது. திரெத்தோரே ஸ்பத்தாறோ செஃபாலுவில் ஒரு ஹோட்டல்காரரைப் பிடித்து, இரண்டு மண்டபத்தையாவது கோடை வரை நடத்தும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். அது சரிவந்தால் துப்புரவுக் குழுவுக்கு வேலை இருக்கும். ஆனால் அந்த ஹோட்டல்காரரும் ஒன்று கேட்டார்: வாசலில் அதை வைத்தது யார்?

"நான் போய்ச் சொல்லப்போறன்" என்றேன் றோபேட்டிடம்.

"சொல்லாதேங்கோ அண்ணை. கேற்றைப் பற்றிக் கேட்டால்?"

"என்னட்டைக் கேற்றின்ரை பழைய திறப்பு ஒண்டு கிடந்தது எண்டு சொல்லுவன்."

"பொய்யோ?"

"அது ஒண்டுதான் பொய். மிச்சமெல்லாம் உண்மை. நான் இவ்வளவு உண்மையை ஒரு நாளிலை சொன்னதில்லை."

வியாழன் காலை சவரம் செய்து, கோட் போட்டு, ஸ்பத்தாறோவின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர். பத்தொன்பது வருடம் என் கதைகளைக் கேட்டவர். எங்கள் ஊரில் பனைமரத்துக்கு ஏழு தலை என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அதைத் தன் மகளின் கல்யாணத்தில் ஒலிவாங்கி பிடித்து எல்லோருக்கும் சொன்னவர். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிப்பிடித்தார். நாலு நாள் தூங்காத கண்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணூறு என்றால் என்ன, பூசணிக்காய் எதற்கு, தேசிக்காய் எதற்கு, கற்பூரம் எப்படிக் கரி பிடிக்கும். அந்தப் பழைய சாவியைத் தவிர ஒரு துரும்பும் கூட்டவில்லை.

அவர் சிரித்தார். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்தார்.

"பத்மநாதன், உன்னை விட்டதுதான் இந்தத் தெரு செய்த பெரிய பிழை. பூசணிக்காய்! இந்த வாரம் எனக்கு இது தேவைப்பட்டது."

"கதை இல்லை, திரெத்தோரே. உண்மை."

"ஓமோம், ஏழு தலைப் பனைமரம் மாதிரி."

நான் கோட் பையிலிருந்து மிச்சக் குங்குமத்தை எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவை மூடினார். திரும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதைச் சொல்லச் சொன்னது யார்?"

"ஒருவரும் இல்லை. செய்தது நான்."

"பழைய சாவி. பென்ஷன் எடுத்த மனிதர். எல்லோருக்கும் பிடித்தவர். வேடிக்கையாக ஒரு கதை, கூடவே கொஞ்சம் சிவப்பு." அவர் தலையை ஆட்டினார். "எப்போதும் இப்படி ஒரு நல்ல மனிதரைத்தான் அனுப்புவார்கள். என் அப்பாவின் கடைக்கு அனுப்பியது எங்கள் முடிவெட்டுகிறவரை."

"சத்தியமாக, திரெத்தோரே. யோகாம்பாளைக் கேளுங்கள்."

"அவள் பெயரை இதற்குள் கொண்டுவராதே!" அவர் என் கையைப் பிடித்தார். "உனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. உன்னை எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீ இங்கே வரவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. அவர்களிடம் சொல், நாங்கள் திறக்க மாட்டோம் என்று."

பேனாவின் நுனியால் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் கத்தினேன். கெஞ்சினேன். பூசணிக்காய் வாங்கிய கடைக்காரனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகத்தில் இரக்கம்தான் கூடியது. வாழ்நாள் முழுவதும் பொய்யை உண்மை மாதிரிச் சொல்லிப் பழகியவன், உண்மையைச் சொல்லும்போதும் அதே முகத்தையும் அதே கையையும்தானே ஆட்டுவான்? வேறு முகம் என்னிடம் இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் செஃபாலுக்காரருக்கும் மிலானோவுக்கும் போன் எடுத்தார். மாதக் கடைசிவரைகூடக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமையோடு வியா லூனா மூடப்படுகிறது என்று கேற்றில் கடதாசி ஒட்டினார்கள். காரணம் என்ற இடத்தில், தெரு புதுப்பிக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

திங்கள் காலை நானும் றோபேட்டும் பின்வேலிக்கு வெளியே நின்றோம். மழை திரும்ப வந்திருந்தது. கிரேன் ஒன்று நிலாவை இறக்கியது. தொலைவில் இருந்து பார்த்தபோது தெருவையே மூடியிருந்த அந்த நிலா, நிலத்துக்கு வர வரச் சிறுத்து, கடைசியில் ஒரு சின்ன லொறியின் பின்பெட்டிக்குள் அடங்கியது. அதைப் பெருப்பித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்பத்தாறோவின் அறையில் நடந்ததை அதற்குள் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் என்னை ஏசியிருந்தால் நான் ஆறியிருப்பேன். "நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனியள்" என்றான். பிறகு நேரம் பார்த்தான். ஒன்பது. ஏழு வருடப் பழக்கம், கை தானாகப் போனுக்குப் போனது.

"நான் இன்னும் சொல்லேல்லை அண்ணை. ரெண்டு தரம் எடுத்தனான். அவளின்ரை முகத்தைப் பாக்க, மழை பெய்யுது எண்டு மட்டும்தான் சொன்னன்." போன் மணி அடிக்கத் தொடங்கியது. என் கையில் தந்தான். "நீங்கள் சொல்லுங்கோ."

திரையில் அமலினி வந்தாள். பின்னால் வெயில், கொடியில் பள்ளிக்கூடச் சட்டை.

"என்ன அண்ணை, பென்ஷன்காரர்! உவர் எங்கை? நிலாவிலையோ?"

"இஞ்சைதான் நிக்கிறான். பிள்ளை, தெருவை மூடிப்போட்டினம். றோபேட்டுக்கு வேலை இல்லை. அந்தக் கொந்த்ராத்தோ இனி வராது."

"ஏன், நிலா களவு போயிட்டுதோ?"

"இல்லை. நான் வாசல்லை பூசணிக்காய் உடைச்சனான். அவையள் அதைக் கண்டு பயந்திட்டினம்."

அமலினி சிரிக்கத் தொடங்கினாள். அவளை நான் பழக்கி வைத்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கூப்பிட்டாள். "அனிற்றா! ஓடி வா, பெரியப்பா புதுக்கதை சொல்லுறார்!" திரையில் பாதி நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. றோபேட் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லொறியையே பார்த்தான்.

"பூசணிக்காய் உடைச்சவராம், தெருவே பயந்து மூடிப்போட்டுதாம்!" என்றாள் அமலினி மகளிடம்.

"எவ்வளவு பெரிய பூசணிக்காய், பெரியப்பா?" என்று அனிற்றா கேட்டாள். "வீட்டளவோ?"

"ஏழு கிலோ" என்றேன்.

அமலினியின் சிரிப்பு நின்றது.